கப்பல் வராத நாளில் தக்காளி ரசம்

போன வாரம் இந்த இடத்தில் என் பத்தி இல்லை. கவனித்தீர்களா?

கவனித்தவர்களுக்கு நன்றி. கவனிக்காதவர்களுக்கு... சரி, இருக்கட்டும். சோம்பல் காரணமில்லை. கப்பல் வரவில்லை, பத்தியும் வரவில்லை. லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயில் மாட்டிக்கொண்டிருந்தேன். கடல் கொந்தளிப்பு என்று கப்பலை ரத்து செய்துவிட்டார்கள். நெட்வொர்க்கோ, தூரத்துச் சொந்தம் போல எப்போதாவது தலையைக் காட்டிவிட்டு ஓடியது. ஆசிரியருக்கு அனுப்பிய மெயில் என் போனுக்குள்ளேயே வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆனால் சொல்ல வந்தது கடலைப் பற்றி இல்லை. ஹட் பேயில் கப்பல் அணையும் ஜெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹோட்டல். மத்தியான வேளை. வெளியே மழை. ஒரு தோழி வாங்கித் தரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த நான், வெகு நாகரிகமாக, வெகு அடக்கமாக, இரண்டே இரண்டு அயிட்டம் கேட்டேன்.

ஹோட்டல் மொத்தமும் அமைதியாகிவிட்டது.

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கைகள் நின்றன. மூலை மேஜையில் உட்கார்ந்திருந்த தெலுங்கு மீனவர் ஒருவர், எங்கள் தீவுகளின் பொதுமொழியான ஹிந்தியில் மெல்ல, "பாப் ரே..." என்றார்.

அப்படி என்ன கேட்டுவிட்டேன்? சொல்கிறேன். அதற்கு முன்னால் யோகாவை உங்களுக்குத் தெரிய வேண்டும்.

யோகேஸ்வரி என் கல்லூரித் தோழி. நான் போர்ட் பிளேயரிலேயே ஷாதிபூரிலிருந்து பஸ்ஸில் போய் வந்தவள், அவள் ஹாஸ்டல்காரி. அவளுடைய குடும்பம் இலங்கையின் மலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தது. தேயிலையை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு லிட்டில் அந்தமானில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. அந்தத் தோட்டமும் மூடிப் பல காலமாகிறது. மரங்கள் மட்டும் யாரும் கூப்பிடாத பெயர்களைப் போல வரிசையாக நிற்கின்றன. யோகா இப்போது, அருவியும் அலையும் பார்க்க வருகிற டூரிஸ்டுகளுக்கு ஸ்கூட்டி வாடகைக்கு விடுகிறாள். அதில் புதிதாக வாங்கிய ஒரு சிவப்பு ஸ்கூட்டி மட்டும் வாடகைக்குக் கிடையாது. அது அவளுக்கே அவளுக்கு. என்னைக்கூடத் தொட விடமாட்டாள். "பின்னாடி ஒக்காரு. ஹேண்டில்பார கனவுல புடிச்சுக்க" என்பாள்.

தீவுக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஜெட்டியில் இறங்குகிறீர்களோ, அந்த ஜெட்டிக்காரர்தான் சாப்பாடு வாங்கித் தர வேண்டும். லாங் ஐலண்டில் இறங்கினால் லாங் ஐலண்ட் நண்பர். போர்ட் பிளேயரில் இறங்கினால் நான். யார் எப்போது ஆரம்பித்தார்களோ தெரியாது. அப்பா சிவகங்கைப் பக்கத்திலிருந்து அரசாங்க வேலைக்கு இங்கே வந்தவர். அவருக்கே இது ரத்தத்தில் கலந்துவிட்டது. மெயின்லேண்டிலிருந்து யாராவது வந்து பர்ஸைத் தொட்டால், தன் வீட்டுக்குள் புகுந்து பீரோவைத் திறந்துவிட்ட மாதிரி பார்ப்பார்.

அழகான வழக்கம்தான். ஒரே ஒரு சிக்கல்.

எல்லோரும் போர்ட் பிளேயருக்கு வருவார்கள். பல் வலித்தால் போர்ட் பிளேயர். பேங்க்கில் கையெழுத்து மாறிப்போனால் போர்ட் பிளேயர். ஸ்கூட்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வேண்டுமா? அதற்கும். ஆனால் போர்ட் பிளேயர்க்காரர்கள் ஹட் பேக்குப் போவார்களா? "போகணும், போகணும்... அருவி நல்லா இருக்குமாமே!" என்பார்கள். அவ்வளவுதான். அப்படியானால் கணக்கு என்ன ஆகும்? யோகா வந்துகொண்டே இருந்தாள். நான் வாங்கித் தந்துகொண்டே இருந்தேன்.

அவள் விடாமல் முயற்சி செய்தாள். எனக்கு வேகம் அதிகம். சாப்பாடு முடியும் நேரத்தில் கை கழுவுவது போல எழுந்து, கல்லாப் பக்கம் ஒரு வளைவு... முடிந்தது. திரும்பி வரும்போது பில் கட்டியாகியிருக்கும். யோகா முறைப்பாள்.

"ஏன்டி, ஒனக்கு கை கழுவுற எடம் கல்லாப்பெட்டிதானா?"

நான் சிரிப்பேன். எனக்கு அது விளையாட்டு. அவளுக்கு அப்படி இல்லை என்பது கொஞ்ச நாள் முன்புதான் தெரிந்தது. போர்ட் பிளேயருக்கு வந்து, வேலையை முடித்துக்கொண்டு, எனக்கு ஒரு போன்கூடப் பண்ணாமல் கப்பலேறிப் போய்விட்டாள். அபர்தீன் பஜாரில் எடுத்த ஒரு போட்டோவை ஸ்டேட்டஸில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டேன்.

"வந்தியா? சொல்லவே இல்ல?"

"சொன்னா நீ வருவ. வந்தா வாங்கித் தருவ. நான் தின்னுட்டுக் கப்பல் ஏறணும். இதானே?"

"அதுல என்ன தப்பு?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்ல. எனக்கும் ஒரு ஜெட்டி இருக்குல்ல? ஒரு தடவ, ஒரே தடவ, அதுல எறங்கு. நான் வாங்கித் தரணும், நீ சாப்பிடணும். அதயும் கெடுத்தன்னா அம்புட்டுத்தான்... போர்ட் பிளேயர்ல நான் இருந்தாலும் ஒனக்கு போன் கெடையாது. பக்கா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்தச் சிரிப்பின் கடைசிப் பகுதி போனில் வரவில்லை. நெட்வொர்க் என்று நினைத்துக்கொள்ள முயன்றேன். முடியவில்லை.

அன்றைக்கே டிக்கெட்டுக்கு அலைந்தேன்.

நான் எதையும் படித்துவிட்டுத்தான் செய்வேன் என்பது உங்களுக்குத் தெரியும். நீச்சலைக்கூட முதலில் படித்தேன். அதனால், 'நண்பர் சாப்பாடு வாங்கித் தந்தால் எப்படி நடந்துகொள்வது' என்று இன்டர்நெட்டில் தேடினேன். எத்தனை அறிவுரைகள்! மெனுவில் விலை அதிகமானதைத் தொடாதே. அவர் முதலில் சொல்லட்டும். அவர் சொன்னதை விடக் கொஞ்சம் குறைவாகவே சொல். பில் வந்தால் ஒருமுறை கை நீட்டலாம். இரண்டாம் முறை நீட்டாதே. சென்னையில் இருக்கும் சித்தப்பா மகளிடம் கேட்டேன். "எங்க கேங்க்ல ஆப் இருக்கு. காபியில யார் எத்தனை சிப் குடிச்சாங்கன்னுகூடப் பிரிச்சுக் குடுத்துடும்" என்றாள். அவளுக்கு என் கவலையே புரியவில்லை.

ஆக, அறிவுரைகளை மனப்பாடம் செய்துகொண்டு கப்பல் ஏறினேன். வெறுங்கையோடு போகக்கூடாதே என்று ஒரு பெரிய கேக் பெட்டி வேறு. அந்தக் கேக்கை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஏன் என்று பிறகு தெரியும்.

ஹட் பே... எப்படிச் சொல்வது? அங்கே வீட்டு விலாசமே கிலோமீட்டர்தான். "எங்க இருக்கீங்க?" என்றால் "ஆறு கிலோமீட்டர்" என்பார்கள். ஜெட்டியிலிருந்து நீளும் ஒற்றைச் சாலை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காடு. யோகாவின் பின்னால் உட்கார்ந்து அந்தச் சாலையில் போகும்போது, கிலோமீட்டர் கற்கள் நம்மைக் கடந்து போகின்றனவா, நாம் அவற்றைக் கடக்கிறோமா என்றே தெரியாது. எண்ணெய்ப்பனைகளுக்கு நடுவில் வெளிச்சம் பச்சையாக இருக்கும். மீன்தொட்டிக்குள் ஸ்கூட்டி ஓட்டுவது போல.

முதல் சில நாள் சாப்பாடு அவள் வீட்டில். அவள் அம்மா ஓயாமல் போட்டார். சூரை மீன் குழம்பு, தேங்காய்ச் சம்பல், மரவள்ளிக்கிழங்கு, பின்பக்கத்துக் கீரை, ரொட்டி, நடுநடுவே தேத்தண்ணி. நான் தட்டைப் பார்த்துப் பார்த்துக் கூசினேன். போர்ட் பிளேயரில் டூரிஸ்ட் சீசனில் மீன் விற்கிற விலைக்கு, இதெல்லாம் எத்தனை செலவு!

"யோகா, இதுவே போதும். நீ வாங்கித் தந்தாச்சுன்னு வச்சுக்கலாம்."

"அதெல்லாம் செல்லாது. வீட்டுச் சோறு அம்மா போடுறது. ஹோட்டல்ல ஒக்கார வச்சு, நான் ஆர்டர் குடுத்து, நான் பில்லு கட்டணும். கப்பல் ஏர்ற அன்னைக்கு."

கப்பல் ஏறுகிற அன்றைக்குக் கப்பல் வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. வானம் தாழ்ந்து கடல் மேல் படுத்துக்கொண்டது. அலைத்தடுப்புச் சுவர் மேல் தண்ணீர் ஏறி, வெள்ளையாய் நின்று, யோசித்து, விழுந்தது. ஜெட்டிக்குப் போவதும் தொடுவானத்தைப் பார்ப்பதும் திரும்பி வருவதுமாக நாட்கள் ஒன்றோடொன்று கரைந்துபோயின. புதனா, வியாழனா? யாருக்குத் தெரியும். ஊரே குடையோடு வந்து கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஏதோ பெரிய திரையில் படம் போடப்போகிறார்கள் என்பது போல. சொன்னால் நம்ப மாட்டீர்கள்... எனக்குச் சுகமாக இருந்தது. எங்கும் போக வேண்டாம், எதுவும் வராது. கப்பலில்லாத கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் மனசு ஒரு மாதிரி மிதக்க ஆரம்பிக்கிறது. எனக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று, முதல் தடவையாக எஞ்ஜினை அணைத்தது.

ஒரு காலையில் யோகா சொன்னாள்: "கப்பல் வர்றப்ப வரட்டும். ஹோட்டல் இன்னைக்கு."

இப்போது அந்த ஹோட்டலுக்கு வருவோம். தகரக் கூரையில் மழை தட்டிக்கொண்டிருந்தது. கப்பலுக்காகக் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் உள்ளேதான் இருந்தார்கள். ஹோட்டலை நடத்துபவர் சரோஜா அக்கா. யோகாவின் குடும்பத்தைப் போலவே மலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். யோகா தலைவாரி, இஸ்திரி போட்ட சுடிதாரில், பரீட்சைக்கு வந்தவள் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"கேளு. எது வேணும்னாலும் கேளு."

எனக்கு அறிவுரை ஞாபகம் வந்தது. "நீ முதல்ல சொல்லேன்."

"நான் தெனம் இந்தத் தீவுல திங்கிறவ. நீ சொல்லு, போர்ட் பிளேயர் மேடம்."

குறைவாகச் சொல், விலை அதிகமானதைத் தொடாதே... மீன், நண்டு, இறால், எல்லாவற்றையும் மனதுக்குள் அடித்துவிட்டேன். பாவம், ஏற்கெனவே எத்தனை செலவு. இருப்பதிலேயே எளிமையானது எது?

"எனக்கு ரொம்ப வேண்டாம் யோகா. சோறு மட்டும். அதுக்குத் தக்காளி ரசம்... கொஞ்சம் உருளைக்கிழங்கு வறுவல். போதும்."

அப்போதுதான் அந்த அமைதி. அப்போதுதான் அந்த "பாப் ரே".

சரோஜா அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "தக்காளி ரசமா?"

"ஆமா அக்கா."

"உருளக்கெழங்கு?"

"வறுவல்..." என்றேன். குரல் ஏனோ இறங்கிவிட்டது.

"யோகா, அந்த நண்டு..." என்று அக்கா ஆரம்பிப்பதற்குள் யோகா எழுந்துவிட்டாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை. "அதுக்கென்னா? நீங்க சோத்த வடிங்கக்கா. இந்தா வந்துர்றேன்" என்று சொல்லி, மழையில் இறங்கி, சிவப்பு ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

"எங்கக்கா போறா?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கடைக்குத்தான் தங்கச்சி. வேற எங்க?"

எதிரே கடை திறந்துதான் இருந்தது. சோப்பு தெரிந்தது, பிஸ்கெட் தெரிந்தது, பிளாஸ்டிக் குடம் தெரிந்தது. காய்கறி வைக்கும் கூடைகள் மட்டும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கவிழ்ந்து கிடந்தன. ஹோட்டலின் சமையல் மேடையைப் பார்த்தேன். வெங்காயக் கூடையில் சருகும் ஒரே ஒரு வெங்காயமும். உருளைக்கிழங்கு வந்த சாக்கு? வாசலில் கால் துடைக்கக் கிடந்தது. நானும் அதில் காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தேன்.

பிறகு கடலைப் பார்த்தேன். கப்பல் இல்லாத, அழகான, வெறும் கடல். இத்தனை நாள் கவிதையாகப் பார்த்த கடல். உருளைக்கிழங்கு வேறு எந்த வழியாக வரும்?

அட கடவுளே.

மெயின்லேண்டிலிருந்து போர்ட் பிளேயருக்கு ஒரு கப்பல். அங்கிருந்து ஹட் பேக்கு இன்னொரு கப்பல். தக்காளியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் இரண்டு கடல் தாண்டி வருகிறவை. கப்பல் தாமதமானால் எங்கள் ஊரில் விலை ஏறும்; திட்டிக்கொண்டே வாங்குவோம். இங்கே விலை ஏறாது. பொருளே மறைந்துவிடும். நான் விலை அதிகமென்று ஒதுக்கிய மீனும் நண்டும் அவள் வீட்டு வாசலுக்கு நடந்து வருபவை. நான் எளிமையென்று கேட்டது அன்றைக்குத் தீவிலேயே இல்லாதது. கேக்குக்குப் பதில் ஒரு பை தக்காளி கொண்டு வந்திருந்தால் அவள் அம்மா என்னைத் தத்தெடுத்திருப்பார்!

அடுப்பிலிருந்து தேங்காய்ப்பாலும் மிளகுமாக ஒரு வாசனை வந்தது.

"அது யாருக்குக்கா?"

"ஒனக்குத்தான். விடிஞ்சும் விடியாம அவ மாமா நண்டு கொண்டாந்து போட்டாரு. நல்லா வையின்னு யோகா வந்து வந்து பாத்துட்டுப் போச்சு."

என்ன செய்வது? போன் பண்ணலாம், நெட்வொர்க் இல்லை. ஓடிப்போய், "வேண்டாம், நண்டே போதும்" என்று சொல்லலாம். ஆனால் அதற்கு என்ன அர்த்தம்? இத்தனை பேர் முன்னால், உன்னால் இதைக் கொண்டுவர முடியாது என்று சொல்வதுதானே? நான் கல்லாவுக்கு ஓடுவதும் இதுவும் வேறு வேறா? போனில் பாதியில் நின்றுபோன அந்தச் சிரிப்பு காதில் கேட்டது. இன்றைக்கும் நான் கெடுத்தேன் என்றால், இனி அவள் போர்ட் பிளேயரில் எங்கோ ஒரு மேஜையில் தனியாகச் சாப்பிட்டுவிட்டுப் போவாள். நான் அதை ஸ்டேட்டஸில் பார்ப்பேன்.

உட்கார்ந்திருந்தேன். மழை வழியாக ஜெட்டி மங்கலாகத் தெரிந்தது. கப்பல் வந்து அணையும்போது பார்த்திருக்கிறீர்களா? கப்பலிலிருந்து ஒருவர் கயிற்றை வீசுவார். கரையில் நிற்பவர் பிடித்து இரும்புத் தூணில் மாட்டுவார். வீசுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், இந்தப் பக்கம் பிடிக்க ஆள் இல்லையென்றால் கயிறு தண்ணீரில்தான் விழும். இத்தனை வருஷமாக வீசுவது மட்டும்தான் நட்பு என்று நான் நினைத்திருந்தேன். பிடிப்பதற்கும் ஒரு கை வேண்டுமே? வாங்கித் தருவது சுலபம். வாங்கிக்கொள்ளத்தான் எனக்குப் பழக்கமில்லை.

இப்படியே யோசனையில் மிதந்து எங்கோ போய்விட்டேன். "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். கப்பலாக்கும் என்று எல்லோரும் திரும்பினோம்.

யோகா.

நடந்து வந்துகொண்டிருந்தாள். தலையிலிருந்து கால் வரை நனைந்து, கையில் ஒரு பிளாஸ்டிக் பையைப் பச்சைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு. சிவப்பு ஸ்கூட்டி இல்லை.

பையை மேஜை மேல் வைத்தாள். சுருங்கிப்போன தக்காளிகள் கொஞ்சம். முளைவிட்ட உருளைக்கிழங்குகள் கொஞ்சம். ஹோட்டலே எழுந்து வந்து எட்டிப் பார்த்தது. ஒருவர் தக்காளியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அஸ்லி" என்றார். நிஜமானதுதானாம்.

"ஸ்கூட்டி எங்கடி?"

"இருக்கு, இருக்கு. நீ ஒக்காரு."

சரோஜா அக்கா விடவில்லை. "அந்த கான்ட்ராக்டர் வீட்டு ஃபிரிஜ்ல இருந்ததா இது? அவருகிட்டயா ஸ்கூட்டியக் குடுத்த? அந்தாளு ரோட்ட விட்டுட்டுப் பள்ளத்துலல்ல ஓட்டுவாரு!"

"கப்பல் வர்ற வரைக்கும்தானேக்கா. ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்தாரு. ஓட்டட்டும், விடுங்க."

என்னைத் தொட விடாத ஸ்கூட்டி.

என் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் வந்து நின்றது. உங்கள் எல்லோருக்கும் தெரிந்த வாக்கியம்தான். 'அய்யோ, எதுக்கு இதெல்லாம்?' நம் ஊர் மரியாதையின் முதல் வரி. யார் என்ன கொடுத்தாலும் முதலில் அதைத்தான் சொல்வோம். அவள் கண்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. முடியிலிருந்து மேஜையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். வருமா அந்த வாக்கியம், வராதா?

விழுங்கினேன்.

"அக்கா, ரசத்துக்கு மிளகு தூக்கலா போடுங்க" என்றேன். "யோகா, வறுவல் நல்லா மொறுமொறுன்னு இருக்கணும். சொல்லிடு."

யோகாவின் முகத்தில் விளக்குப் போட்டது போல ஒரு சிரிப்பு. இந்தத் தடவை கடைசிப் பகுதியும் சேர்ந்தே வந்தது. "கேட்டுச்சாக்கா? மேடத்துக்கு மொறுமொறுன்னு வேணுமாம்!" என்று ஹோட்டல் முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டாள். "ஹாங் ஜி மேடம்!" என்று தெலுங்கு மீனவர் எனக்கு சல்யூட் அடித்தார். ஒரே சிரிப்பு.

ரசம் கொதித்தது. அந்த வாசனையை நான் எப்படி எழுத? நம் வீடுகளில் தினமும் வருகிற வாசனைதான். ஆனால் மழையும் உப்புக்காற்றுமாய்க் கிடந்த ஊருக்குள் அது புகுந்தபோது, தெருவில் போனவர்கள் குடையை மடக்கிக்கொண்டு நின்றார்கள். கண்ணை மூடினேன். ஒரு கணம் எந்தத் தீவில் இருக்கிறேன் என்பதே மறந்துபோயிற்று. என் தட்டில் சோறு விழுந்தது, ரசம் விழுந்தது. நான் வாயில் வைப்பதற்குள் மூலை மேஜையிலிருந்து ஒரு குரல்.

"தீதி... தோடா ரசம்?"

மீனவர்தான். அக்கா, கொஞ்சம் ரசம் கிடைக்குமா என்கிறார். தட்டை நீட்டிக்கொண்டு, ஸ்கூல் பையனைப் போன்ற முகத்தோடு. அவர் யோகாவைப் பார்த்துக் கேட்டார். என்னை இல்லை. சரியான ஆளிடம்தான் கேட்டார்!

யோகா ஒரு ராணியைப் போலத் தலையசைத்தாள். "ஊத்துங்கக்கா."

அவ்வளவுதான். பக்கத்து மேஜையில் ஒரு வங்காளி டீச்சர் கிண்ணத்தை நீட்டினார். டீ குடிக்க வந்தவர் டீ கிளாஸையே நீட்டினார். சரோஜா அக்கா தண்ணீர் ஊற்றினார், புளி கரைத்தார், மறுபடி கொதிக்கவிட்டார். ஒவ்வொரு தடவையும் நிறம் குறைந்தது, கூட்டம் குறையவில்லை. வறுவலைக் கோயில் பிரசாதம் மாதிரி ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்கள். யோகா நடுவில் நின்றுகொண்டு, "அவருக்கு விடலக்கா... அந்தக் கடைசிக்கு... சாச்சாவுக்கு இன்னும் கொஞ்சம்..." என்று பரிமாறினாள். நண்டும் வந்தது. அதையும் விட்டேனா? ஓட்டை உடைத்து, உறிஞ்சி, விரல்வரை நக்கிவிட்டு, நானும் தட்டை நீட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் ரசம்."

"போர்ட் பிளேயர்ல நீ இப்புடிக் கேட்டதே இல்லயே?" என்றாள்.

"போர்ட் பிளேயர்ல யாரும் எனக்கு ஊத்தலையே."

அவள் அக்காவிடமிருந்து கரண்டியை வாங்கினாள். நிறைய ஊற்றினாள். அது அந்நேரத்துக்குக் கிட்டத்தட்ட வெந்நீர். வாழ்க்கையில் அப்படியொரு ரசம் நான் குடித்ததில்லை.

அடுத்து, அந்த நிமிஷம். சாப்பாடு முடிந்துவிட்டது. என் உடம்பு தானாகவே எழுந்தது. கை தானாகவே ஹேண்ட்பேக்குக்குள் போனது. எத்தனை வருஷப் பழக்கம்! யோகா கல்லாவுக்குப் பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தாள். அக்காவும் பார்த்தார். மீனவரும் பார்த்தார். கை பைக்குள்ளேயே இருக்கிறது... வெளியே எடுத்தாக வேண்டும். எதை எடுப்பது?

கைக்குட்டையை எடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டேன்.

யோகா மெதுவாகத் திரும்பி, மெதுவாகப் பர்ஸைத் திறந்து, இதுவரை நான் பார்த்ததிலேயே மிக மெதுவாக ஒரு பில்லைக் கட்டினாள். அவசரமே இல்லை. அவள் ஜெட்டி, அவள் நேரம். நான் 'தேங்க்ஸ்' சொல்லவில்லை. 'அடுத்த தடவை நான்' என்றும் சொல்லவில்லை. அதைச் சொன்னால், சாப்பிட்டது செரிப்பதற்குள் திருப்பித் தருவதாகிவிடாதா? "வயிறு நெறஞ்சு போச்சு யோகா" என்றேன். அது மட்டும்தான் உண்மையாக இருந்தது.

அடுத்த நாளோ, அதற்கடுத்த நாளோ, வெயிலடித்தது. தொடுவானத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. ஊரே ஜெட்டியில். யோகா என்னைச் சிவப்பு ஸ்கூட்டியில்தான் கொண்டுவந்து விட்டாள். இடப்பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. முன்பக்கத்தில் ஒரு நீளக் கீறல். நான் பார்க்கவில்லை. அதாவது, பார்க்காதவளைப் போலப் பார்த்தேன். அவளும், நான் பார்த்ததைப் பார்க்காதவளைப் போல இருந்தாள்.

கப்பலிலிருந்து கயிற்றை வீசினார்கள். கரையில் ஒருவர் எட்டிப் பிடித்தார்.

"இந்தா பாரு," என்றாள் யோகா. "மாசக் கடைசில போர்ட் பிளேயர் வாறேன். கண்ணாடி ஒண்ணு மாத்தணும். எறங்குனதும் போன் பண்ணுவேன். பிரியாணி. நீதான் வாங்கித் தரணும், சொல்லிட்டேன்."

"ரெண்டு பிளேட்டா?"

"மூணு."

நான் படியேறும்போது எதிரே சாக்கு சாக்காக இறங்கிக்கொண்டிருந்தன உருளைக்கிழங்கும் வெங்காயமும். பெட்டி பெட்டியாகத் தக்காளி. பளபளவென்று, கன்னம் சிவந்து, ஒன்றுமே நடக்காதது போல. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போது ஷாதிபூரில் என் மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போன் பக்கத்திலேயே இருக்கிறது. மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று தெரியும். இருந்தாலும் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.

நீங்களும் ஒன்றை நினைவில் வையுங்கள். நண்பர் ஒருவர் "இன்னைக்கு என் செலவு" என்று சொன்னால் மெனு கார்டைப் பார்க்காதீர்கள்... முதலில் கப்பல் வந்ததா என்று பாருங்கள்!